சமமா வந்தா உனக்கு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் யார் கையிலும் போன் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கர் உண்டு, ஆனால் அந்த வரிசையில் நின்றால் பஞ்ச் வைக்க நேரமாகிவிடும், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் ஹாஸ்டல்காரிகள் எல்லோரும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். வீட்டிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான்.

போன் இல்லாமல் ஐரோப்பாவின் கிளப் கால்பந்துக் கோப்பையைப் பற்றிப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் போல சுகம் வேறு கிடையாது. நாக்அவுட் சுற்று வந்துவிட்டால் போகும்போதும் வரும்போதும் அதுதான் பேச்சு. யார் யாரோடு மோதப் போகிறார்கள், யாருக்கு அடி, யார் மூட்டை கட்டப் போகிறார்கள் என்று பஸ்ஸின் பின்பாதி முழுக்கக் கச்சேரி நடக்கும். ஒருத்தி சொன்னதைச் சரிபார்க்க வழியே இல்லை. சத்தமாகச் சொன்னவள் சொன்னதுதான் உண்மை. ஒரு கோல்கீப்பருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று நான் ஒருமுறை அடித்துவிட்டேன். அப்படி எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் எங்கள் பஸ்ஸில் அவருக்கு முட்டி சரியில்லை.

கிளப்புகளின் பெயர் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. அதனால் ஜெர்சியின் நிறம்தான் பெயர். நான் நீலம். எனக்கு நீலம் பிடித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் பக்கத்துக் கட்டில்காரி போனில் பார்த்துக்கொண்டிருந்த மேட்சில் அவர்கள் கேவலமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தால் அந்த விஷயத்தை விட முடியாது, அது பிறவிக் குணம்.

மஞ்சள் என்பவள் தண்டலத்துக்காரி. எங்கள் ஹாஸ்டலுக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறுவாள், நேராக வந்து நான் துண்டு போட்டு வைத்திருக்கும் இடத்தில் உட்காருவாள். அவளுடைய அண்ணன்மார் போட்ட சண்டையைக் கேட்டுக் கேட்டே பந்தாட்டம் கற்றுக்கொண்டவள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது எங்கள் வேலை. வயரை விரித்துக் கட்டுகிற பலகைக்குப் போர்டு என்று பெயர்; லைனில் அவளும் நானும் அடுத்தடுத்த போர்டு. ஆனால் போர்டு நகர்ந்துகொண்டே இருக்கும், வாயைத் திறந்தால் ஒரு கிளிப்பு விட்டுப்போகும். ஞாயிறு அவளுக்கு சர்ச், எனக்குத் துணி துவைக்கிற நாள். ஆக எங்கள் சிநேகிதம் முழுக்க அந்த பஸ்ஸில்தான் இருந்தது.

போன வருஷம் குளிர் விடுகிற சமயத்தில் லைன் லீடர் அண்ணன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். புது லைன் ஒன்று தொடங்குகிறார்கள், அது எங்களுக்கு எதிர் பேட்ச், பழகின கை ஒன்று வேண்டும் என்றார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாகணும்மா. யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க. நான் பேர் எழுதினா அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

எதிர் பேட்ச் என்றால் நாங்கள் காலை ஷிஃப்ட் பார்க்கும் வாரம் அவர்கள் ராத்திரி. பஸ் வேறு. நான் எழும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது நான் டேப் சுற்றிக்கொண்டிருப்பேன். சம்பளம் அதேதான், வேலையும் அதேதான். இருவருக்கும் போக மனமில்லை, காரணம் அந்த பஸ் சீட் மட்டும்தான். அதை லைன் லீடரிடம் சொன்னால் சிரிப்பார்.

அந்த வாரமே குலுக்கலில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஜோடி விழுந்தது. பஸ்ஸே எழுந்து நின்றது. இவ்வளவு நாள் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். முதல் ஆட்டம் நீலத்தின் மைதானத்தில், இரண்டாவது மஞ்சளின் மைதானத்தில், இரண்டிலும் போட்ட கோலைக் கூட்டி யாருக்கு அதிகமோ அவர்கள் அடுத்த சுற்றுக்கு.

யோசனை என்னுடையதுதான். "யாரு டீம் வெளிய போவுதோ அவ எதிர் பேட்சுக்குப் போகட்டும்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். "இன்னாடி, ஷிஃப்ட்டை வெச்சு சூதாட்டமா?"

"பயமா இருக்கா?"

"எனக்கு இன்னாத்துக்கு பயம். நீ பெட்டி கட்டி வெச்சுக்க."

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. ஒருத்தி போகப் போகிறாள் என்று தெரிந்தும் அப்படி ஒரு குதூகலம். மேட்ச் தொடங்குவதற்கு முன்பே நாங்கள் அதை நூறு முறை ஆடி முடித்துவிட்டோம்.

"உங்க லெஃப்ட் பேக் கீறானே, அவன் புது ட்ரெயினி மாரி" என்பாள் அவள், நீலத்தின் இடது ஓரத்தைக் காக்கிறவனைப் பற்றி. "கை வேகம் கீது, கண்ணு வேகம் இல்ல. முன்னாடி ஓடிட்டு, பின்னாடி இன்னா நடக்குதுன்னு திரும்பிப் பாக்க மாட்டான். எங்காளு அந்தச் சந்துலதான் பூருவான்."

"பூருறதுக்கு மூச்சு இருக்கணும்ட்டி. ஒங்க நடு ஆளுங்க எல்லாவனுக்கும் வயசாயிட்டு. கடேசி இருபது நிமிசம் பாரு, ஓவர்டைம் முடிச்சவன் பஸ்சுல சாஞ்சு கெடக்கதுபோல கெடப்பானுவ."

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்பார், "ஏம்மா, மொத மேட்ச் நம்ம கிரவுண்டுல வர்றது நல்லதா, ரெண்டாவது வர்றது நல்லதா?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் சுங்குவார்சத்திரம் வரை போய் வந்திருக்கலாம், அத்தனை பேச்சு. முதலில் சொந்த மைதானம் என்றால் கோலைக் குவித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று ஒரு கட்சி. கடைசியில் சொந்த மைதானம் என்றால்தான் சனம் சத்தம் போட்டு எதிராளியின் காலை நடுங்க வைக்கும் என்று ஒரு கட்சி. ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது கட்சி மாறினவர்களும் உண்டு.

முதல் ஆட்டம் வந்த வாரம் எங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட். ஐரோப்பாவில் அவர்கள் ஆடும் நேரத்தில் நாங்கள் லைனில் நிற்போம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் நடை. காலை ஷிஃப்ட்காரர்கள் அந்த நடை வழியாகத்தான் உள்ளே வருவார்கள். அவர்கள் ஹாஸ்டலில் போனைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. அதனால் விரலால் கோல் காட்டுவார்கள். அடுத்த ஷிஃப்ட்டுக்கு என் போர்டை வந்து வாங்கிக்கொள்ளும் அக்காவைக் கேட்கலாமே என்றால், அவருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பதே தெரியாது.

விரல் காட்டுவதற்கு ஒரு சட்டம் உண்டு. டிவியில் ஸ்கோர் போடும்போது சொந்த மைதானக்காரர்களை இடது பக்கம்தானே போடுவார்கள். ஆகவே பார்க்கிற எங்களுக்கு இடது பக்கமாகத் தெரிகிற கை சொந்த மைதானம். அதாவது காட்டுகிறவள் தன் வலது கையில் சொந்த மைதானக்காரர்களின் கோலைக் காட்ட வேண்டும். ஹாஸ்டலின் இரண்டாம் மாடிக்காரி ஒருத்திதான் எப்போதும் காட்டுவாள். அவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அன்று பார்த்து அவள் அக்கா கல்யாணத்துக்கு லீவு. வேறொருத்தி வந்தாள், புதுசு. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். எங்கள் இடது பக்கம் மூன்று விரல். வலது பக்கம் ஒன்று.

மூன்றுக்கு ஒன்று. நீலம் மூன்று. நான் கையிலிருந்த டேப் உருளையைக் கீழே விட்டுவிட்டேன். அது உருண்டு லைன் லீடரின் காலடிக்குப் போனது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து போர்டில் தண்டலத்துக்காரியின் கை மட்டும் அசைந்தது, முகத்தைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் ஆடின ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. நடுவழியில் நின்றுகொண்டேன். நான் பார்க்காத மூன்று கோலையும் ஒவ்வொன்றாக வர்ணித்தேன். முதல் கோல் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டியது. இரண்டாவது அந்த லெஃப்ட் பேக், ஆமாம், அந்த ட்ரெயினிதான், அவனே ஓடிப்போய்ப் போட்டது. மூன்றாவதற்கு மஞ்சளின் கோல்கீப்பர், அதுதான் கோலி, குப்புற விழுந்து கிடந்தான். எல்லோரும் கேட்டார்கள், நம்பினார்கள், கை தட்டினார்கள். ராத்திரி முழுக்க நின்ற கால்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரக்கம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஜெயித்தவளுக்கு வருகிற இரக்கத்தில் பாதி திமிர்.

"சரி, மூஞ்சிய தூக்கி வைக்காத. ஒனக்கு ஒரு சலுகை தாரேன்" என்றேன். "ரெண்டாவது மேட்சுல நீங்க ஜெயிக்கணும்னுகூட இல்ல. ரெண்டு மேட்சையும் கூட்டி கோல் சமமா வந்தாலே போதும். எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி ஒண்ணும் வேண்டாம். சமமா வந்தா ஒனக்கு. நான் போயிருதேன்."

அவள் திரும்பினாள். "நெசமாவா சொல்ற? பஸ்ஸே கேட்டுகினு கீது."

"கேக்கட்டும்."

டிரைவர் அண்ணன் பாட்டைக் குறைத்தார். "நான் சாட்சிம்மா" என்றார்.

தண்டலத்தில் இறங்கும்போது அவள் என் தோளைத் தொட்டு, "நல்லாத்தான் ஆடிருப்பானுங்க உங்காளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டே ஹாஸ்டல் படியேறினேன். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன்.

நீலம் ஒன்று. மஞ்சள் மூன்று.

போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் போனையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாப் போனும் கூட்டு சேர்ந்து ஒன்றுக்கு மூன்று என்றே சொல்லின. அப்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும்தான். மூச்சு முட்டச் சிரித்து, நிறுத்தி, "அந்த ட்ரெயினி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் மறுபடியும் சிரித்தாள். அவளுடைய அம்மா எங்கிருந்தோ "இன்னா ஆச்சு இதுக்கு" என்று கேட்பது காதில் விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதோடு நிற்காமல் சாட்சியும் வைத்துக்கொண்டு கெட்டேன்.

விரல் காட்டின புதுப் பெண்ணை ஹாஸ்டல் மெஸ்ஸில் தேடிப் போய்ச் சண்டை பிடித்தேன். சாப்பாட்டுத் தட்டோடு நின்றவள் பயந்துபோனாள். "என் இடது கை எனக்கு இடது கைதானேக்கா, அதுல ஹோம் டீம காட்டுனேன்" என்றாள். அவளுக்கு என் அப்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் பஞ்சாயத்து கூடியது. தப்பாகத் தெரிந்துகொண்டு கொடுத்த வாக்கு செல்லுமா செல்லாதா? செல்லாது, ஏமாந்து கொடுத்தது என்று முன்சீட்டுக்காரிகள். செல்லும், யாரும் இவள் வாயைப் பிடுங்கவில்லையே என்று பின்சீட்டு. கடைசியில் தண்டலத்துக்காரியே எழுந்தாள்.

"வுடுங்கடி. அவ அந்தச் சலுகைய வாபஸ் வாங்கிக்கட்டும். மொதல்ல பேசினதே போதும். யாரு டீம் வெளிய போவுதோ அவ போறா."

அப்போது சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள் எனக்கு இரக்கப்படுவதா?

"குடுத்தத திரும்ப வாங்குத பழக்கம் எங்க ஊர்லயே கெடயாது" என்றேன். "சமமா வந்தா ஒனக்குத்தான்."

"பைத்தியமாடி நீ?"

"ஆமா."

அடுத்த வாரம் முழுக்க நான் நீலத்துக்காகப் பேசின பேச்சை நீலத்தின் கோச்சே பேசியிருக்க மாட்டார். இரண்டு கோல் போட்டால் சமம், அது எனக்கு உதவாது. மூன்று போட வேண்டும், அதுவும் மஞ்சளின் மைதானத்தில், ஒன்றுகூட வாங்காமல். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை, என்ன, குதிரையும் நான்தான். ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் மூன்று கோலையும் போட்டுக் காட்டிவிடுவேன். அவள் ஒவ்வொன்றையும் தடுப்பாள். நடுநடுவே இருவரும் சிரித்துவிட்டு, திடீரென்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். எத்தனை நாள் இன்னும் இப்படி என்று இருவருக்கும் அப்போது தோன்றும் என்று நினைக்கிறேன். எனக்குத் தோன்றியது.

இரண்டாவது ஆட்டத்தின்போது எங்களுக்குக் காலை ஷிஃப்ட். விடிவதற்குள் எழுந்து பாத்ரூம் வரிசையில் வாளி வைக்க வேண்டும். எழுந்து போனைப் பார்த்தால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. நீலம் இரண்டு, மஞ்சள் பூஜ்யம். கூட்டினால் மூன்றுக்கு மூன்று. எக்ஸ்ட்ரா டைமும் போய்விட்டது, பெனால்டிக்கு நிற்கிறார்கள்.

வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் போன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கோல்கீப்பர் முதல் பந்தைத் தடுத்தபோது நான் கத்தினேன். இரண்டாவது பந்துக்கு மஞ்சள்காரர்களை வாயில் வந்தபடி திட்டினேன். மூன்றாவது பந்துக்கு முன்னால்தான் உறைத்தது. நான் எதற்குக் கத்துகிறேன்? சமமாக வந்துவிட்டது. தொண்ணூறு நிமிடத்திலேயே என் கணக்கு முடிந்துவிட்டது. இங்கே யார் ஜெயித்தாலும் எதிர் பேட்சுக்குப் போகப் போவது நான்தான்.

அது தெரிந்த பிறகும் கத்தினேன். கடைசிப் பந்தை எங்கள் கோலி தட்டிவிட்டதும் வாளியை உதைத்துவிட்டுக் குதித்தேன். தண்ணீர் படியில் ஓடியது. வார்டன் அக்கா ஓடி வந்து என்ன என்று கேட்டார். "ஜெயிச்சிட்டோம்க்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறம் ஏன் அழற?" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தண்டலத்தில் அவள் ஏறினாள். கண் சிவந்திருந்தது. அவளுடைய டீம் வெளியே போய்விட்டது, அவள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள். என்னுடைய டீம் உள்ளே போய்விட்டது, நான் தோற்றுவிட்டேன். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் அண்ணன் பாட்டே போடவில்லை.

"உங்க கோலி கொலைகாரன்டி" என்றாள் உட்கார்ந்துகொண்டே.

"ஒங்காளுங்களுக்குப் பெனால்டி அடிக்கவே தெரியல."

"நான் போறேன். என் டீம்தான வெளிய போச்சு. மொதல்ல அதான பேசினோம்."

"சமமா வந்தா ஒனக்குன்னு சொன்னது யாரு?"

ஒரகடம் வரை இதே சண்டை. வாழ்க்கையில் ஒரு முறைதான் தோற்றது நான்தான் என்று அடித்துப் பேசியிருக்கிறேன். பஞ்ச் வைத்ததும் அவளை முந்திக்கொண்டு ஓடி லைன் லீடரிடம் என் பெயரைச் சொல்லிவிட்டேன். பின்னால் வந்து நின்றவள் கையுறையைப் போட்டுக்கொண்டு தன் போர்டுக்குப் போனாள்.

புது பஸ் நல்ல பஸ். சீட் கிழியவில்லை, ஜன்னல் மூடும். ஆனால் ஏறின உடனே எல்லோரும் தூங்குவார்கள். கால் இறுதிக்கு நீலத்தின் எதிராளி யார் என்று தெரிந்த நாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லத் தொடங்கினேன். "எங்களுக்கு வெள்ளை வந்துட்டு, கஷ்டம்தான்" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு யார் மேல் என்று இல்லாமல் எல்லார் மேலும் கோபம்.

அப்புறம் ஒரு நாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் பழைய பஸ்காரி ஒருத்தி மாட்டினாள். பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போது கச்சேரி எதுவும் நடக்காது, மஞ்சளும் வெளியே, நானும் வெளியே என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்றாள் அவள். "தண்டலத்து அக்கா ஒரு ஆளா நின்னு சண்டை போடுது. வெள்ளைதான் ஜெயிக்கும்னு டிரைவர் அண்ணன் சொல்லிட்டாரு. அதுக்கு அவர உண்டு இல்லைன்னு பண்ணிட்டுது. லெஃப்ட் பேக்கை யாராவது ஒரு வார்த்தை சொன்னா போதும், எழுந்து நின்னுக்குது."

"எந்த லெஃப்ட் பேக்க?"

"நீலத்தோடதுதான்க்கா. உங்க டீம்தான்."

"அவ மஞ்சளாச்சே."

"நாங்களும் அதான் கேட்டோம். 'அவ இல்லாத நேரம் பாத்து அவ டீமைப் பேசுவீங்களா, பேச ஆள் இல்லன்னு நெனச்சுகினீங்களா'ன்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து யாரும் வாயத் திறக்கறதில்ல."

நான் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை மாதம் என் டீமை அவள் கிழி கிழி என்று கிழித்திருக்கிறாள். இப்போது எனக்காக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் கேட்க முடியாத ஒரு பஸ்ஸில்.

"லெஃப்ட் பேக்கப் பத்தி என்னட்டி சொன்னா?" என்று கேட்டேன். "ஒண்ணு விடாமச் சொல்லு."